வெயில் ஏறினால் காற்று திரும்பும்

மார்ச் 7, வெள்ளி

புவியியல் பாடத்தில் இன்று கடற்காற்றும் தரைக்காற்றும். ஸ்ரெல்லா ரீச்சர் கரும்பலகையில் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் தரையும் மேலே ஒரு சூரியனும் கீறினார். வெயில் இரண்டுக்கும் ஒரே அளவாகத்தான் விழுகிறது. ஆனால் தரை கெதியாகச் சூடாகும், கடல் ஆறுதலாகச் சூடாகும். தரைக்கு மேலே உள்ள காற்றுச் சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்பக்கத்துக் காற்று உள்ளே வரும். இரவில் எல்லாம் மறுவளம். ரீச்சரின் ஊர் குருநகர், மீன்பிடிக்கிற ஊர். “எங்கடை வீட்டிலை உதைப் படிச்சு ஒருத்தரும் சோதினை பாஸ் பண்ணேல்லை, பிள்ளையள். ஆனா உதிலை பிழை விட்டா ஆள் வீட்டை வந்து சேராது” என்றார். வகுப்பு சிரித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வெறும் பால்மாத் தகர ரின் தேடி எடுத்தேன். ஒன்றில் எங்கள் தோட்டத்துச் செம்பாட்டு மண், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். நாளைக்கு வெயிலில் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லை. விரல் இருக்கிறது.

அம்மா பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, மண்ணிலை வடகமோ போடப் போறாய்?” என்றா.

அப்பா நாளைக்கு விடிய இறைக்கப் போகிறார். எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஆறு பங்குக்காரர், ஆளுக்குக் கிழமையில் இரண்டு முறை. அவரவர் முறை வரும்போது தங்கள் இறைப்பு மிசினைக் கொண்டுபோய் இறைத்துவிட்டு அடுத்தவருக்கு விட வேண்டும். சனிக்கிழமை விடிய உதயகலா அன்ரியின் முறை, பின்னேரம் எங்களுடையது. நாளை பின்னேரம் மானிப்பாயில் கலியாண வீடு. அதனால் முறையை மாற்றித் தர முடியுமா என்று அப்பா கேட்டார். அன்ரி மறுபேச்சில்லாமல் ஓம் என்றாராம். புருஷன் இல்லாமல் குத்தகைக் காணியில் தனியாக வெங்காயம் செய்கிறவர். பின்னேர முறை அவருக்கு வசதியே இல்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 8, சனி

விடிய அப்பாவோடு போய் மிளகாய்க்குத் தண்ணீர் மாறினேன். பாத்தி நிரம்ப நிரம்ப மண்வெட்டியால் வாயை வெட்டி அடுத்ததற்கு விட வேண்டும். செருப்பில்லாத காலுக்கு மண் அப்போது குளிர்ந்திருந்தது. கிணற்றடித் தொட்டித் தண்ணீரும் அதே குளிர்தான். இதைக் கவனித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து மணி தாண்டித் தேத்தண்ணி கொண்டுபோனபோது மண் காலைச் சுட்டது. ஓடித்தான் போனேன். தொட்டிக்குள் கை வைத்தால் — இன்னும் குளிர்! ஒரே வெயில். ஒரே நேரம். எவ்வளவு வித்தியாசம்!

அப்பா இறைப்பு முடித்து, வடக்குப் பக்கத்துத் தரிசில் புல்லுக்கும் பூண்டுக்கும் மருந்தடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக விடியவே அடித்து முடிப்பார். இன்று இறைப்பால் பிந்திவிட்டது. அவர் தோளிலிருந்து மருந்துத் தாங்கியை இறக்கும் வரைக்கும் நான் தெற்கெல்லையில், இராசநாயகம் மாமாவின் பந்தல் நிழலில் நின்றேன். புத்தகத்தில் திராட்சை, எங்கள் ஊரில் முந்திரிகை. குலைகள் பச்சையாய், மிளகளவு தாண்டி, கண்ணாடி மணி மாதிரி. மருந்து மணம் மூக்கில் ஏறித் தலையிடித்தது. அப்பா அந்தப் பக்கம் வெயிலில் நின்றே தேத்தண்ணி குடித்தார்.

பால்மா ரின்: மண் சுடுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பு. புத்தகம் சரி.

கலியாண வீட்டில் நல்ல சாப்பாடு.

மார்ச் 12, புதன்

பள்ளிக்கூடத்தால் வரும்போது தோட்டத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். இராசநாயகம் மாமாவின் கொடி ஏதோ ஆகிவிட்டது. இளம் இலைகள் எல்லாம் சுருங்கி, விரல் விரலாய் மெலிந்து, நுனிகள் ஆட்டுக்கொம்பு மாதிரி முறுகி இருக்கின்றன. குலைகளும் வாடி நிற்கின்றன. வருசப் பிறப்பு கழிய வெட்ட இருந்த பழம்.

மாமா ஒரு இலையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 13, வியாழன். பூரணைப் போயா விடுமுறை

விவசாயப் போதனாசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். நோய் இல்லையாம். களைக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து பட்டிருக்கிறதாம். முந்திரிகை அந்த மருந்துக்கு ஒரு துளியும் தாங்காதாம். எங்கிருந்து வந்தது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றுவிட்டுப் போனார்.

அதைச் சொல்லத் தாங்கள் இருக்கிறோம் என்று பங்குக்காரர் நினைத்தார்கள் போல. மாமா கிணற்றடியில் நின்று உரத்துச் சொன்னார்:

“விடியக் காத்து எப்பவும் தெற்காலை இருந்து கடலுக்குப் போறது. ஊருக்கே தெரியும். என்ரை பந்தலுக்குத் தெற்காலை ஆரின்ரை காணி? ஞாயிறு விடிய தாங்கியும் தோளுமாய் நிண்டது ஆர்?”

பந்தலுக்குத் தெற்கே உதயகலா அன்ரியின் வெங்காயம். அவர் ஞாயிறு விடிய மருந்தடித்தது உண்மை.

“அது வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து அண்ணை. நுனி கருகுது எண்டு அடிச்சனான். போத்தல் கிடக்கு, வந்து பாருங்கோ.”

“போத்தலைப் பாக்கலாம். தாங்கியை ஆர் கழுவினது? முந்தி அதுக்குள்ளை என்ன இருந்தது? தைப்பொங்கலுக்கு முதல், முறை தாண்டி இறைச்சனீ எண்டு நான் கேட்டதுக்கு இதுவோ மறுமொழி?”

“உங்கடை கொடியை அழிச்சு எனக்கென்ன, பந்தலிலை வெங்காயமோ நடப் போறன்?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் மாமாவுக்கு இன்னும் கோபம். அப்பா ஓரமாக நின்றார்.

மார்ச் 14, வெள்ளி

அந்த மணம்.

நான் பந்தல் நிழலில் நின்றேன். அப்பா வடக்கே நின்று அடித்தார். மணம் எனக்கு வந்தது. காற்று தெற்கிலிருந்து வீசியிருந்தால் எனக்கு எப்படி வரும்?

இல்லை. மருந்து மணம் சும்மாவே நாலு பக்கமும் போகும்தானே. போகும்தானே?

மார்ச் 15, சனி

அம்மாவிடம் பள்ளிக்கூட வேலை என்று சொன்னேன். பொய்யில்லை, முழுக்க உண்மையுமில்லை.

விடிய எங்கள் தரிசில் தேங்காய்ப் பொச்சை ஈரமாக்கி மூட்டினேன். புகை சாய்ந்து சாய்ந்து வடக்கே முள்ளுக்கம்பி வேலிக்கு மேலால் போனது. அங்கே இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத காணி. பற்றைக்காடு, அதற்கப்பால் கடல். புகை பட்டு இருமவும் ஆள் இல்லை. பத்து மணிக்கு மறுபடி மூட்டினேன். நெஞ்சு இடித்தது. புகை — மறுபடியும் வடக்கே! சோம்பலாக, மெதுவாக, ஆனால் வடக்கே. பதினொரு மணிக்கும் அப்படித்தான்.

அப்பா வாளியோடு வந்தவர் நின்று பார்த்தார். “என்ன பிள்ளை, நுளம்பு கலைக்கவோ?”

“காத்து எங்கை போகுதெண்டு பாக்கிறன் அப்பா.”

“எங்கை போறது, கடலுக்குத்தான்” என்றார். அவரும் கொஞ்ச நேரம் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டு போனார். அப்படியென்றால் அவருக்கும் அந்தப் பயம் இருந்ததா?

எனக்குச் சந்தோசம். துள்ள வேண்டும் போல இருந்தது. அப்பா இல்லை. அப்பா இல்லை.

பின்னேரம் காயப்போட்ட உடுப்பு எடுக்கப் போனேன். ஒன்றும் காயவில்லை. அம்மா சொன்னா: “இண்டைக்கு முழுக்க மப்பு, எப்பிடிக் காயும்?”

கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றேன்.

மப்பு. இன்று காலையிலிருந்து வெயில் எறிக்கவே இல்லை. மண் சுடவில்லை. நான் செருப்பில்லாமல்தான் நின்றேன், கால் சுடவில்லை! தரை சூடாகாவிட்டால் காற்று ஏன் எழும்பும்? எழும்பாவிட்டால் கடற்காற்று ஏன் வரும்? நான் சூரியன் இல்லாத நாளில் சூரியனைச் சோதித்திருக்கிறேன்.

எட்டாம் திகதி நல்ல வெயில்.

மார்ச் 16, ஞாயிறு

கிணற்றடியில் பங்குக்காரர் கூடினார்கள். என்னை வர வேண்டாம் என்றார் அப்பா. திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: உதயகலாவின் முறையை நிற்பாட்டியாகிவிட்டது. பிழையை ஒப்புக்கொண்டு மாமாவோடு ஒரு தீர்வுக்கு வரும் வரைக்கும் அன்ரி கிணற்றடிக்கு மிசின் கொண்டுவரக் கூடாது.

“இந்த வெயிலுக்கு வெங்காயம் எத்தினை நாள் நிக்கும்?” என்று அம்மா கேட்டா.

அப்பா துவாயால் காலைத் துடைத்தார். ஒரே காலையே இரண்டு தரம் துடைத்தார்.

நேற்றுச் சாயந்தரமே நான் சொல்லியிருந்தால்?

மார்ச் 17, திங்கள்

நல்ல வெயில். வகுப்பு யன்னலால் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாம் பாடத்தில் கொடி தொங்கிக்கொண்டு கிடந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னதாக ஒரு தரம் அசைந்தது. பிறகு விரிந்து தெற்கே பறந்தது. தெற்கே. “அங்கை என்ன பிராக்கு?” என்று கணித ஆசிரியர் சுண்ணக்கட்டி எறிந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

உதயகலா அன்ரி வீட்டுக் கிணற்றிலிருந்து பிளாஸ்ரிக் கான்களில் தண்ணீர் நிரப்பிச் சைக்கிளில் கட்டித் தோட்டத்துக்கு உருட்டிக்கொண்டு போகிறார். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். எத்தனை கான் ஊற்றினாலும் செம்பாட்டு மண் ‘உஸ்’ என்று குடித்துவிடுகிறது. வெங்காயத் தாள் சரியத் தொடங்கிவிட்டது.

“பள்ளிக்கூடச் சட்டை ஊத்தையாப் போம், விடு பிள்ளை.”

“பரவாயில்லை அன்ரி.”

“எல்லாரும் என்னைத் திண்டு கொட்டினவை. உங்கடை அப்பர் மட்டும்தான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை” என்றார். “நல்ல மனிசன்.”

கான் நழுவி என் காலில் விழுந்தது. அழுதேன். கால் நோவுக்கு என்று அன்ரி நினைத்துக்கொண்டார். ஊதி ஊதித் தடவிவிட்டார்.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

அப்பா புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பாதையெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்க எல்லாம் போய்விட்டது.

“அப்பா, முந்திரிகைக்கு மருந்து பட்டது எங்கடை காணியாலை.”

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டா.

“விசர்க்கதை கதைக்காதை. அண்டைக்கு நீயே புகை போட்டுப் பாத்தனீ. கடலுக்குத்தானே போனது?”

“அண்டைக்கு மப்பு அப்பா. நீங்கள் மருந்தடிச்ச அண்டு கொளுத்தும் வெயில். மண் சூடேற, கடற்பக்கக் காத்து உள்ளுக்கு வரும். நீங்கள் விடிய அடிக்கேல்லை. முறை மாத்தினதாலை பத்து மணிக்குப் பிறகுதான் அடிச்சனீங்கள். நான் தேத்தண்ணி கொண்டு வந்தனான். பந்தலுக்குக் கீழை நிண்ட எனக்கு மணந்தது.”

“முப்பது வரியமாத் தோட்டம் செய்யிறன். எனக்குக் காத்துப் படிப்பிக்கிறியோ?”

“நீங்கள் எப்பவும் விடியத்தானே அடிக்கிறனீங்கள். அதுதான் —”

“அப்ப கொப்பன் தான் கள்ளன். போய் ஊருக்குச் சொல்லு. போ!”

கையை உதறிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். சாப்பாட்டுக் கோப்பையில் புட்டுப் பாதி கிடந்தது.

நான் கள்ளன் என்று சொல்லவில்லை. ஒருக்காலும் சொல்லவில்லை. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியாதா? அதையும் சொல்லியிருக்க வேண்டும். ஏன் அதை மட்டும் சொல்ல மறந்தேன்?

அம்மா கனநேரம் கழித்து, “முறையை மாத்தித் தந்தது அவள்தான், என்ன?” என்றா. என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

மார்ச் 20, வியாழன்

அப்பா என்னோடு கதைக்கவில்லை. நானும் அவரோடு கதைக்கவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, சுவரைப் பார்த்து, “சாப்பாடு போட்டிருக்கு” என்கிறா.

தவணைச் சோதனைக்குப் பருவக்காற்றுப் படித்தேன். மாரியில் வாடை ஏன் வருகிறது, கோடையில் சோழகக் காற்று ஏன் வருகிறது. எங்கள் தரிசிலும் கடலிலும் ஒரு பகலில் நடக்கிறதுதான், பெரிய நிலத்துக்கும் பெரிய சமுத்திரத்துக்கும் நடுவில் வருசம் முழுக்க நடக்கிறது. சூடான பக்கம் காற்று எழும்பும், குளிர்ந்த பக்கத்திலிருந்து வந்து நிரப்பும். அவ்வளவுதான். மழை, புயல், வெங்காயம், முந்திரிகை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

முன்பு இதை வாசிக்கும்போது அழகாக இருந்தது. இன்று பயமாக இருந்தது. காற்றுக்கு ஆரின் காணி என்று தெரியாது. ஆர் நல்ல மனிசன் என்றும் தெரியாது.

வெயில் குறையவில்லை. அன்ரியின் கிழக்குப் பாத்திகள் இரண்டும் படுத்துவிட்டன.

மார்ச் 21, வெள்ளி

பள்ளிக்கூடத்தால் வர, அப்பாவின் சட்டை வீட்டுக் கிணற்றடி வாளியில் ஊறிக் கிடந்தது. பக்கத்தில் போகும் முன்பே மணம். மருந்து மணமில்லை. பொச்சுப் புகை.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னா. அப்படியே எழுதுகிறேன்.

விடிய அப்பா தனியாகப் போய்ப் புகை போட்டாராம். வடக்கே போனதாம். தோட்டத்திலேயே இருந்தாராம், சாப்பிட வரவில்லை. வெயில் ஏற மறுபடி போட்டாராம். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “வா, எனக்குச் சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்” என்றாராம். அப்படியே போய் இராசநாயகம் மாமாவையும் கூப்பிட்டாராம். ஒரு விளக்கமும் சொல்லவில்லையாம். மாமாவை அவருடைய பந்தலுக்குக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு, எங்கள் தரிசுக்குப் போய்ப் பொச்சை மூட்டினாராம்.

புகை கொஞ்ச நேரம் நேரே எழும்பியதாம். பிறகு படுத்து, ஊர்ந்து வந்து, பந்தலுக்குள் புகுந்ததாம். மாமா இருமத் தொடங்கினாராம்.

“என்னடாப்பா நமசி, மனிசரைச் சாக்காட்டப் பாக்கிறியோ?”

“அண்ணை, அண்டைக்கு நான் இந்த நேரந்தான் மருந்தடிச்சனான்.”

மாமா இருமலை நிறுத்தினாராம். முறுகின இலைகளை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு, “அப்ப ஏன் கூட்டத்திலை வாய் மூடி நிண்டனீ?” என்று கேட்டாராம்.

“விடியக் காத்தை நினைச்சுக்கொண்டு நிண்டன். என்ரை பிள்ளை சொன்னவள். நான் கேக்கேல்லை.”

அம்மா துருவுவதை நிறுத்தவே இல்லை. தேங்காய் முடிந்து சிரட்டை கரகரத்தது.

அப்பா அறைக்குள் படுத்திருந்தார். வாசலில் போய் நின்றேன். “நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும் அப்பா” என்றேன். மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, “சட்டையை அலசிப் போடு பிள்ளை, புகை நாறுது” என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைய கூட்டத்துக்கு என்னை வர வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவோடு வாய்க்கால் வரம்பில் நின்றேன். அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு வசனம்தான். வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு பங்குக்காரர், “இனி நமசிவாயம் மருந்தடிக்க முதல் மகளிட்டைக் காத்து எப்பிடியெண்டு கேட்டுத்தான் அடிப்பான்” என்றார். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, “ஓம், கேட்டுத்தான் அடிப்பன்” என்றார். சிரிப்பு நின்றது.

உதயகலா அன்ரி நன்றி சொல்வார் என்று நினைத்தேன். கதைப் புத்தகம் படித்துப் படித்து வந்த பழக்கம்.

“ஒரு கிழமை என்ரை வெங்காயம் தண்ணி காணேல்லை, அண்ணை” என்றார். “நீங்கள் எல்லாரும் நிண்டு பாத்தனீங்கள். என்ரை முறையைத் தந்திட்டு நான் நிண்டன், அதே முறையைப் பறிச்சுப்போட்டு நீங்கள் நிண்டனீங்கள்.” எங்களையும் பார்த்துத்தான் சொன்னார். என்னையும்.

அப்பா தன்னுடைய சனி முறையையும் வெங்காயம் கிண்டும் வரைக்கும் அவரே எடுக்கட்டும் என்றார். அன்ரி ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இராசநாயகம் மாமா அப்பாவின் பக்கமே திரும்பவில்லை. போகும்போது செருப்பை உதறி உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

மார்ச் 26, புதன்

போதனாசிரியர் மறுபடி வந்தார். கெட்ட கொடியை ஒட்ட வெட்டிவிட்டால் புதுக் குருத்து வரலாம் என்றாராம். இந்தப் போகம் போனது போனதுதான்.

அப்பா கத்தி தீட்டுகிறார். என்னத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

விடிய எழும்ப முதலே கேட்டது. தூரத்தில் ஒரு மிசின் — இருமி, நின்று, மறுபடி இருமி, பிறகு ஒரே சீராக. எங்கள் மிசின் அப்படி இருமாது. உதயகலா அன்ரியினுடையது. படுக்கையில் கிடந்தபடியே நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடியது.

பத்து மணி போல அம்மா தேத்தண்ணி ஊற்றினா. ஒரு கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வைத்தா. நான் பார்த்தேன். “கொண்டு போ. குடிக்காட்டித் திருப்பிக் கொண்டு வா” என்றா.

மண் சுட்டது. ஓட முடியாது, தேத்தண்ணி சிந்தும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பந்தலுக்குக் கீழே அப்பா ஒரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார், மாமா மறுபக்கத்திலிருந்து. நடுவில் வெட்டின கொடிகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து இருவரும் ஒரு சொல் கதைத்திருக்கவில்லை. அதை மாமாவின் முகமே சொன்னது. மேலே பந்தல் பாதி வெறுமையாகி வானம் தெரிந்தது.

அப்பாவுக்குக் கொடுத்தேன். மற்றக் கோப்பையைப் பந்தல் காலடியில் கல்லின் மேல் வைத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

அப்போது வடக்கே வேலிப் பற்றை சலசலத்தது. வெட்டாமல் விட்ட இலைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. கழுத்து வியர்வையில் குளிர் பட்டது. அப்பாவும் மாமாவும் கத்தியைப் பிடித்தபடி, ஒரே நேரத்தில், தலையை நிமிர்த்தி வடக்கே பார்த்தார்கள்.

பிறகு வேலையில் குனிந்தார்கள்.

நான் கிணற்றடிக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பிப் போனபோது இரண்டு கோப்பைகளும் கல்லின் மேல் வெறுமையாக இருந்தன.